பன்னிரண்டாவது மாணவி

ஜூலை 2

அம்மாவுக்கு,

போனில் பேசினால் நீ "சொல்லு" என்பாய், நான் "ஒண்ணுமில்ல" என்பேன், அடுத்த நிமிஷம் சண்டை வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ நடுவில் புகுந்து பேச முடியாது.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் ஏழு மணி நேரம், அதில் ஐந்து மணி நேரம் நின்றுகொண்டே வந்தேன். ஹாஸ்டலில் ஓர் அறைக்கு நாலு பேர். மற்ற மூவரும் பள்ளி முடித்த கையோடு லிஃப்ட் மெக்கானிக் பயிற்சிக்கு வந்தவர்கள். நான் தத்துவம் இரண்டு வருஷம் படித்து, மூன்றாம் வருஷம் தொடங்கியதும் ஓடிவந்தவள் என்று தெரிந்ததில் அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கு 'ஞானி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஞானி, அந்த கிரீஸ் டப்பாவ எடு" என்கிறார்கள். எடுத்துக் கொடுக்கிறேன்.

நான் சொன்ன அன்று உன் முகம் இருந்த இருப்பை மறக்க முடியவில்லை. யாரோ செத்துப்போன செய்தி கேட்ட மாதிரி நின்றாய். "ஸ்பேனர் பிடிக்கவா உன்னப் பெத்தேன்" என்று நீ கத்தியதுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு மூன்று நாள் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாயே, அதுதான் தாங்கவில்லை.

கிளம்பும்போது உன் மேஜையில் என் விலகல் கடிதத்தை வைத்துவிட்டு வந்தேன். துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் அது அலுவலகத்துக்குப் போகும். என் நேரம், துறைத்தலைவரும் நீதான். மறக்காமல் அனுப்பிவிடு. அப்பாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

வாலு


ஜூலை 19

வாலுக்கு,

உன் கடிதம் வந்தது. நடுவில் புக முடியாதுதான், ஆனால் பதில் எழுத முடியும் என்பதை மறந்துவிட்டாய்.

அன்றைக்கு எனக்குக் கை கால் ஓடவில்லை என்பது உண்மை. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு சேர்க்கையின் போதும் எவராவது ஒரு பெற்றோர் வந்து, "இதப் படிச்சா என்ன வேலைங்க கிடைக்கும்?" என்று கேட்பார். எனக்கு அதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. எப்படி யோசிப்பது என்று தெரிந்தவள் எந்த வேலையையும் கற்றுக்கொள்வாள் என்பேன். பாதிப் பேர் நம்பிவிடுவார்கள். என் மகளே எதிரில் நின்று அதே கேள்வியைக் கேட்டபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. நீ கேட்ட விதமும் அப்படி. "அம்மா, நான் இதுவரைக்கும் எதையாவது சரி பண்ணியிருக்கேனா?" என்றாய்.

உன் அப்பா நாள் முழுவதும் பல் செட் செய்கிறவர். ஊரார் வாயையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வீட்டுக்கு வந்தால் தன் வாயைத் திறக்க மாட்டார். அந்த மனிதரே, "அவளுக்குக் கை வேலை வருமுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்கிறார். முன்னாடியே தெரிந்தால் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பல் தேய்க்கப் போய்விட்டார்.

இன்னொரு சேதி. துறைகளை எடை போடப் பல்கலைக்கழகம் ஒரு குழு போட்டிருக்கிறது. 'உங்கள் மாணவர் படிப்பு முடித்த மறுநாள் என்ன செய்யத் தெரிந்திருப்பார்?' என்று படிவத்தில் ஒரு கேள்வி. மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள். நான் நாலு நாளாக அதை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். அதைவிட மோசம், கடைசிப் பக்கத்து விதி. இறுதியாண்டில் பன்னிரண்டு பேருக்குக் குறைந்த துறை தொடராது. நவம்பரில் முடிவு. உன்னோடு சேர்த்து எத்தனை பேர் இருந்தீர்கள் என்று உனக்கே தெரியும்.

பக்கத்து அறைக்காரர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. மூன்றாமாண்டுக்கு எல்லாத் தாள்களும் நானேதான் எடுக்கிறேன். உன் கடிதத்தைப் பார்த்தேன். இன்னொரு தடவை யோசி.

அம்மா


ஆகஸ்ட் 16

அம்மாவுக்கு,

சத்தியமாக எனக்கு அந்த விதி தெரியாது. நான் கிளம்பியபோது அப்படி ஒரு விதியே இல்லை. இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. பதினொரு பேரின் முகமும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தது, முக்கியமாக முன் பெஞ்சில் உட்காரும் அந்தக் கண்ணாடிக்காரி. அவள் உன் பாடத்துக்காக வேறு ஊரிலிருந்து வந்தவள்.

ஆனாலும் திரும்பி வரமாட்டேன் அம்மா. என்னை ஆள் கணக்குக்காகக் கூப்பிடாதே.

போன வருஷம் நூலக லிஃப்டில் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? நான் பயந்துபோயிருப்பேன் என்று நினைத்து அன்று முழுக்க என்னைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாய். நான் பயப்படவே இல்லை. மெக்கானிக் கதவைப் பிளந்ததும் இடுக்கு வழியாக மேலே பார்த்தேன். அத்தனை உயரம், அத்தனை கம்பிகள், எதிர் எடை தொங்குகிறது, எல்லாம் அமைதியாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஏறத் தோன்றியது. உன்னிடம் சொன்னால் சிரிப்பாய் என்று சொல்லவில்லை.

முந்தாநாள், பதினாலாம் தேதி, முதல் தடவையாகக் குழிக்குள் இறங்கினேன். லிஃப்ட் கூண்டுக்கு அடியில், கட்டடத்தின் ஆகக் கீழே. மேலே ஒரு டன் எடை நிற்கிறது, கீழே நான் துடைப்பத்தோடு நிற்கிறேன். சாக்லேட் காகிதம், ஒற்றைச் செருப்பு, ஒரு சாவிக்கொத்து எல்லாம் கிடைத்தன. அறைக்கு வந்து குளித்த பிறகும் கை கறுப்பாகத்தான் இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. இதை எழுதும்போது உனக்கு வலிக்கும் என்று தெரிகிறது, இருந்தும் எழுதுகிறேன்.

துறைக்கு வேறு வழி இருக்கும். உனக்குத் தெரியாத வழியா?

வாலு


செப்டம்பர் 11

வாலுக்கு,

குழிக்குள் இறங்கினேன் என்று படித்ததும் பகீரென்றது. மேலே இருப்பது கீழே வராது என்று யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்? அப்பாவிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "ஒத்தச் செருப்பு எப்படி விழுந்திருக்கும்?" என்று கேட்கிறார். இந்த வீட்டில் எனக்கு யாரும் துணை இல்லை.

கையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதே, தோல் உரியும். எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் போதும்.

துறையைப் பற்றிக் கவலைப்படாதே. சமாளித்துவிட்டேன். படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தாகிவிட்டது. நீ உன் வேலையைப் பார்.

அம்மா


அக்டோபர் 27

அம்மா,

எழுத்து கோணலாக இருந்தால் பட்டறை வாசல் படியில் உட்கார்ந்து எழுதுவதால்தான்.

இன்று காலை பயிற்சி நிலைய முதல்வர் கூப்பிட்டனுப்பினார். உரிமம் தரும் வாரியம் எங்கள் பெயர்களைப் பல்கலைக்கழகப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்க்குமாம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் முழுநேரம் படிக்கக் கூடாது என்பது விதி. "நீ இங்க இருக்கியா, இல்ல அங்க இருக்கியா?" என்று கேட்டார். ஏதோ கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்காமல் ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

தத்துவத் துறை, மூன்றாமாண்டு, வரிசை எண் பன்னிரண்டு. வருகை தொண்ணூற்று நாலு சதவீதம். கீழே உன் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன்.

தாளைக் கையில் எடுத்து ஒவ்வொரு நாளாகப் பார்த்தேன். ஆகஸ்ட் பதினாலு, நான் குழிக்குள் இருந்த நாள், உன் வகுப்பில் இருந்திருக்கிறேன். செப்டம்பர் மூன்றாம் வாரம் காய்ச்சலில் போர்வைக்குள் கிடந்தேன், உன் வகுப்புக்கு மட்டும் ஐந்து நாளும் தவறாமல் வந்திருக்கிறேன். நாலு மாதத்தில் ஐந்து நாள் மட்டும் வரவில்லை என்று போட்டிருக்கிறாய். பார்த்தால் நம்பும்படி இருக்கட்டும் என்றா அம்மா? உட்கார்ந்து யோசித்தா அந்த ஐந்து நாளைத் தேர்ந்தெடுத்தாய்?

அடுத்த பக்கம் அதைவிடக் கொடுமை. நான் எழுதாத தேர்வில் எனக்கு ஐம்பதுக்கு முப்பத்தொன்று. எந்தத் தாள் தெரியுமா? அறவியல். வகுப்பில் உட்கார்ந்து விரல் வலிக்க எழுதியபோதுகூட நீ எனக்கு இருபத்தெட்டுக்கு மேல் போட்டதில்லை.

என்னைப் பட்டறைக்குள் விடமாட்டேன் என்கிறார்கள். மேலங்கியையும் கருவிப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நவம்பர் பதினைந்துக்குள், ஜூனிலேயே நான் அங்கிருந்து விலகிவிட்டேன் என்று பல்கலைக்கழகச் சான்று கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் என்னை நீக்கிவிடுவார்கள், மூன்று வருஷத்துக்கு எந்தப் பயிற்சி நிலையத்திலும் சேர முடியாது.

என் விலகல் கடிதம் எங்கே அம்மா?

மகள்


நவம்பர் 1

வாலுக்கு,

உன் கடிதம் துறைத் தபாலோடு வகுப்புக்கே வந்துவிட்டது. அங்கேயே பிரித்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து ஒரு மாணவி தண்ணீர் கொண்டுவந்தாள்.

விலகல் கடிதம் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. கிழிக்கவில்லை. அனுப்பவும் இல்லை.

எப்படித் தொடங்கியது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. நீ போன மறுநாள் வருகை எடுக்கும்போது பழக்கத்தில் பன்னிரண்டு வரை கூப்பிட்டுவிட்டேன், கை தானாகக் கோடு போட்டுவிட்டது. அழித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த வாரமே குழுவின் படிவம் வந்தது. பிறகு அழிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அது தவறு என்பதே எனக்கு உறைக்காமல் போய்விட்டது. நம்பினால் நம்பு, ஒரு நாள் நீ வரவில்லை என்று போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து உன் மேல் கோபமாக இருந்தேன். என்னை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று நீயே சொல்.

மதிப்பெண்ணுக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆனால் பதினொரு பேரை யோசித்துப் பார். குழு பன்னிரண்டாம் தேதி கூடுகிறது. இன்னும் பதினொரு நாள்தான். இந்தத் துறை போனால் திரும்ப வராது. அதற்குப் பிறகு இந்தப் பல்கலைக்கழகத்தில் பாலம் கட்டச் சொல்லிக்கொடுப்பார்கள், கணினி சொல்லிக்கொடுப்பார்கள். பாலத்தை யாருடைய வீட்டை இடித்துக் கட்டுவது என்று கேட்க ஓர் அறைகூட இருக்காது. அது உனக்குச் சாதாரணமாகப் படுகிறதா?

ஒரு வழி இருக்கிறது. நீ அங்கே உடல்நிலை சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வா. ஆறு மாதம் இங்கே உட்கார்ந்து தேர்வு எழுதிவிட்டால் யாருக்கும் பொய் இல்லை. அடுத்த வருஷம் பயிற்சியில் சேர்ந்துகொள்ளலாம். லிஃப்ட் எங்கும் ஓடிப்போய்விடாது.

கெஞ்சிக் கேட்கிறேன்.

அம்மா


நவம்பர் 5

அம்மா,

உன் கடிதத்தைக் கடைசி வரை படிக்க முடியாமல் பாதியில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். உடல்நிலை சரியில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறாய். நீயா எழுதினாய் இதை? பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று பொய் சொல்லி லீவு போட்டதற்காக, ஆசிரியரிடம் என்னை இழுத்துக்கொண்டு போய் உண்மையைச் சொல்ல வைத்த அம்மாவா?

ஒரு விஷயம் சொல்கிறேன், கேள். செப்டம்பர் முதல் வாரம் ஓர் எட்டு மாடிக் கட்டடத்துக்கு அழைத்துப் போனார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவுப் பூட்டைச் சோதித்து, இருவர் இருவராகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பூட்டு சரியாகப் பிடிக்காவிட்டால் கூண்டு இல்லாதபோதே கதவு திறந்துகொள்ளும், ஆள் காலை வைத்தால் நேராகக் கீழே. என் கூட்டாளி ஐந்து மாடி பார்த்துவிட்டு எட்டுக்கும் கோடு போட்டுவிட்டாள். "எல்லாம் ஒரே மாதிரிதான் ஞானி, போடு கையெழுத்த" என்றாள். நான் போடவில்லை. மறுபடி மூன்று மாடி ஏறி இறங்கினேன். எல்லாரும் வண்டியில் எனக்காகக் காத்திருந்து திட்டித் தீர்த்தார்கள்.

எங்கள் பயிற்சியாளர் அம்மா இருபது வருஷம் லிஃப்ட் கூண்டுகளின் மேல் நின்றவர், யாரையும் புகழ மாட்டார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாக்காததுக்குக் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு நான் ரெண்டாவது வருஷந்தான் சொல்லிக் குடுப்பேன். உனக்கு யாரு சொன்னா?" என்றார்.

"எங்கம்மா" என்றேன்.

பெருமையாகச் சொன்னேன். அந்த வாரமும் நீ எனக்கு ஐந்து நாள் வருகை போட்டிருக்கிறாய்.

தத்துவம் உதவாது என்று நினைத்து நான் வரவில்லை. அது எனக்குள் இறங்கிவிட்டது, அதனால்தான் அந்த மூன்று மாடி ஏறினேன். உன் துறை இருக்க வேண்டும் என்று நானும்தான் ஆசைப்படுகிறேன். ஆனால் நான் அங்கே இல்லை அம்மா. அந்த அறையில் இருந்தது பதினொரு பேர்.

பதிவாளருக்கு நானே எழுதிவிடலாம், ஒரு பக்கம் போதும். இரண்டு தடவை எழுதத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். உன்னைக் காட்டிக் கொடுத்து வாங்குகிற கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னால் எந்த மாடிக்கும் ஏற முடியாது. பதினைந்தாம் தேதி வரை ஹாஸ்டலில் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பட்டறைக்குப் போனதும் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன்.

மகள்


நவம்பர் 14

வாலுக்கு,

தபாலை நம்ப நேரமில்லை என்பதால் இதை அப்பா கையில் கொடுத்தனுப்புகிறேன். ரயிலில் தூங்கிவிட்டால் உன் ஊரைத் தாண்டிப் போய்விடுவார், அதனால் ஏற்றிவிடும்போது டிக்கெட் பரிசோதகரிடமும் சொல்லிவிடப்போகிறேன். உறைக்குள் சான்று இருக்கிறது. முதலில் அதைக் கொண்டுபோய்க் கொடு, பிறகு வந்து இதைப் படி.

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் நான் எதுவும் செய்யவில்லை. "எங்கம்மா" என்று நீ சொன்ன இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. பத்தாம் தேதி பதிவாளரைப் பார்க்கும் முன், வகுப்பில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. போகப்போவது அவர்களுடைய துறை. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நாலு மாதமாகப் பொய் வருகை போட்டேன், இல்லாத விடைத்தாளுக்கு மதிப்பெண் போட்டேன், இதே அறையில் அறவியல் நடத்திக்கொண்டே செய்தேன் என்றேன். கத்துவார்கள், எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

யாருக்கும் அதிர்ச்சியே இல்லை. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

அந்தக் கண்ணாடிக்காரிதான் எழுந்தாள். "எங்களுக்குத் தெரியும் மேடம், முதல் நாள்லேர்ந்து" என்றாள்.

"தெரிஞ்சு ஏன் சொல்லல?" என்று கேட்டேன். துறைக்காகத்தானே என்று நானே எடுத்தும் கொடுத்தேன்.

அவள் தயங்கினாள். பிறகு சொன்னாள். "துறை விஷயமெல்லாம் எங்களுக்குத் தெரியாது மேடம். நீங்க பன்னிரண்டுன்னு கூப்பிட்டுட்டு டக்குனு கதவப் பாப்பீங்க. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருப்பீங்க. அப்புறந்தான் கோடு போடுவீங்க. தெனமும் அப்படித்தான். பாவமா இருக்கும். அதனால யாரும் எதுவும் கேக்கக் கூடாதுன்னு நாங்க பேசி வெச்சுக்கிட்டோம்."

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நான் கதவைப் பார்த்ததே எனக்குத் தெரியாது. துறைக்காகச் செய்கிறேன், பதினொரு பேருக்காகச் செய்கிறேன் என்று எனக்கு நானே எத்தனை வாதம் வைத்திருந்தேன், உனக்கும் எழுதினேன். அதில் பாதிகூட உண்மையாக இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. மகள் சொல்லாமல் கொள்ளாமல் போகவில்லை, சொல்லிவிட்டுத்தான் போனாள். அதைத் தாங்க முடியாத ஓர் அம்மா பல்கலைக்கழகப் பதிவேட்டில் அவளைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

பதிவாளர் நல்லவர். கேட்டதும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார், அறைக்கதவை அவரே எழுந்துபோய்ச் சாத்தினார். "மேடம், ஜூன் தேதி போட்டு விலகல் கடிதத்துல கையெழுத்துப் போடுங்க. ஆபீஸ்ல ஃபைல் தவறிப்போச்சுன்னு நான் பாத்துக்கறேன். வருகைய கம்ப்யூட்டர் கோளாறுன்னு எழுதிக்கலாம். உங்க பொண்ணுக்கும் சான்று கிடைச்சுடும், உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார். பேனாவையும் நீட்டினார். பேனாவை வாங்கினேன் என்பதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. பிறகு நவம்பர் பத்து என்று தேதி போட்டேன். மகள் ஜூன் இருபத்து நாலில் விலகினாள், கடிதத்தை மறைத்தது நான், வருகையும் மதிப்பெண்ணும் நான் போட்ட பொய் என்று தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன். அதன் நகல்தான் உன் சான்றோடு இருக்கிறது. உன் முதல்வரும் படிப்பார், பயிற்சியாளர் அம்மாவும் படிக்கலாம். உனக்கு அவமானமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

குழு பன்னிரண்டாம் தேதி கூடியது. நான் எழுதிக் கொடுத்த தாளை வாசிக்கும்போது, எந்தப் பாடம் என்ற இடத்தில் 'அறவியல்' என்று வந்ததும் ஒருவர் சிரித்துவிட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்த வருஷத்திலிருந்து துறையில் சேர்க்கை கிடையாது. இப்போதிருப்பவர்கள் மட்டும் முடித்துக்கொண்டு போகலாம். என்னைத் தலைமையிலிருந்து எடுத்துவிட்டார்கள், விசாரணை நடக்கும், அதுவரை வகுப்பு எடுக்கலாம். துறையை மூட அவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அதை நானே கையில் கொடுத்துவிட்டேன். அந்தத் துக்கம் எனக்குப் போகப்போவதில்லை. நீ அதற்காக வருத்தப்படாதே, அது என்னுடைய வேலை.

இன்று காலை வகுப்புக்குப் போனேன். வருகை எடுத்தேன். பதினொன்று என்றேன், கண்ணாடிக்காரி "வந்திருக்கேன்" என்றாள். பேனாவை மூடாமல் நான் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

"அவ்வளவுதான் மேடம்" என்றாள் மெதுவாக.

ஆமாம் என்றேன். பதிவேட்டை மூடினேன். எல்லாரும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள், நானும் என் புத்தகத்தைத் திறந்தேன்.

அம்மா